வாசலை மறைத்த நீலப் பூச்செடி

1

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, காட்டூரில் இருக்கிற என் வீட்டு வாசல் காணாமல் போய்விட்டது.

நான் அப்போது மஸ்கட்டில், கம்பெனி தங்குமிடத்தில், என் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. மற்ற நாட்களில் வண்டி வருவதற்குள் அவசரமாகப் பார்ப்பதை அன்றைக்கு நிதானமாகப் பார்ப்பேன். டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனில் வீட்டு வாசல் கேமராவைத் திறந்தேன். கேட் இல்லை. கோலம் இல்லை. எதிர்வீட்டு ஸ்கூட்டர் இல்லை. திரை முழுக்க இலை. நடுவில் ஒரு கொத்து நீலப் பூ. கேமராவுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்ததால் ஒவ்வொரு பூவும் என் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அணைத்துப் போட்டேன். மறுபடியும் அதே இலை, அதே பூ. காற்றடித்தபோது பூ ஆடியது. அப்போதுதான் புரிந்தது, அது நான் நட்ட செடி.

இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரிந்திருக்காது. நான் மருங்காபுரிப் பக்கத்துக்காரன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல வருடங்களாக மஸ்கட்டில் தோட்ட வேலை. வில்லாக்களின் வேலிச் செடி, ரோட்டோரப் பூச்செடி எல்லாம் எங்கள் ஆட்கள் பார்ப்பதுதான். என் பெயர் ராசேந்திரன். ஆனால் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் இருப்பதால், இங்கே தங்கி வேலை செய்வதற்கான கார்டு எழுதிய ஆபீசில் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் என்னைப் பழனியாண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். எனக்கு அதிகம் பேச வராது. விட்டுவிட்டேன். செத்துப்போன அப்பாவை இங்கே தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள், நான் திரும்பிப் பார்க்கிறேன்.

காட்டூர் வீட்டில் இரண்டு பேர். மனைவி செல்வி, ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். மகள் பவித்ரா, டவுன் பஸ்ஸில் காலேஜ் போகிறாள், கடைசி வருஷம். ஒரே பிள்ளை. நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவன். அந்தக் கேமரா வழியாகத்தான் நான் என் வீட்டில் குடியிருந்தேன் என்று சொல்லவேண்டும். அன்று காலை யாரோ என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தியது போல இருந்தது.

2

செடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வீடு கட்டி முடித்த சமயத்தில் லீவில் வந்திருந்தேன். கேட் தூணுக்குப் பக்கத்தில், காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கொஞ்சம் மண் மிச்சம் இருந்தது. ஏதாவது வைக்கலாம் என்றேன். செல்வி எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்: "வைக்கிறது நீங்க, ஊத்துறது நானா? காலைல நான் படுற பாட்டுல ரோஜாவுக்கெல்லாம் சேவகம் பண்ண முடியாதுங்க."

நியாயமான பேச்சு. மருங்காபுரியில் எங்களுக்குப் பூச்செடி என்று ஒன்று இருந்ததில்லை. குடத்தில் வந்த தண்ணீர் மனுஷனுக்கும் ஆட்டுக்குமே சரியாக இருக்கும். அதனால் நான் மஸ்கட்டில் பார்த்த ஒரு செடியை நினைத்தேன். அங்கே அடிக்கிற வெயிலில், ஒருவரும் திரும்பிப் பார்க்காத ஓரத்திலும் வெளிர்நீலமாகப் பூத்துக்கொண்டு நிற்கும். சூப்பர்வைசர் அதை ப்ளம்பேகோ என்பார். ஸ்ரீரங்கம் போகிற வழியில் இருக்கிற நர்சரியில் போனில் படத்தைக் காட்டிக் கேட்டேன். நீலக் கொடிவேலி என்று எடுத்துக் காட்டினார்கள். வெள்ளைப் பூக் கொடிவேலி எங்கள் மேய்ச்சல் பக்கத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். வேரைத் தொடாதே, தோல் கொப்பளித்துவிடும் என்று மிரட்டுவார்கள். இது அதன் சொந்தக்காரச் செடி என்று அன்றுதான் தெரியும்.

பவித்ராவும் கூட வந்திருந்தாள். அப்போது அவள் பதினொன்றாவது. நர்சரிக்காரர் எல்லாரிடமும் சொல்கிற மாதிரி என்னிடமும் சொன்னார்: "சார், இத நட்டுட்டு நீங்க பாட்டுக்கு துபாய் போயிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க. பூத்துக்கிட்டு நிக்கும்."

அவருக்கு நான் வெளிநாட்டில் இருக்கிறவன் என்று தெரியாது. பவித்ரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குன்னே செஞ்ச செடிப்பா."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். செடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்தப் பூவின் அடிப்பாகத்தில், காம்புக்கு மேலே, பிசின் மாதிரி ஒட்டுகிற மயிர் இருக்கும். எதில் பட்டாலும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாவின் சேலையில் நாலைந்து பூ ஒட்டிக்கொண்டது. அவர் தெரியாமலே அதோடு இறங்கிப் போனார். பவித்ராவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு இரண்டு பூவைக் கிள்ளி இரண்டு காது மடலிலும் ஒட்டிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினாள். "எப்படிப்பா இருக்கு கம்மல்?"

பஸ்ஸில் எல்லாரும் பார்ப்பது போல இருந்தது எனக்கு. காவிரிப் பாலம் வந்திருந்தது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன்.

இந்தச் செடி வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வெயில் இதற்கு நல்லது. நிழலில் வைத்தால் இலைதான் வரும். குழியை அகலமாக வெட்டி, மக்கிய சாணி கொஞ்சம் கலந்து நடுங்கள். வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் வேண்டும். பிடித்துவிட்டால் வாரத்துக்கு ஒரு தடவை ஊற்றினாலே போதும், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். தண்ணீர் தேங்கினால்தான் கெடும். புதுக் கிளையின் நுனியில்தான் பூக்கும். அதனால் தை மாதத்தில் தயங்காமல் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டுகிறபோது சாறு கையில் படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது கொடி மாதிரித் தானாகப் பற்றி ஏறாது. சாயும், வளைந்து கீழே தொங்கும். மேலே போகவேண்டும் என்றால் நாம்தான் கட்டிவிட வேண்டும்.

3

கேமரா அதற்கு அப்புறம் வந்தது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பூட்டை உடைத்துவிட்டார்கள். செல்வி போனில் அழுதாள். எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்துக் கேமரா வைக்கச் சொன்னேன். கேட் லைட்டுக்கு வந்த வயர் அங்கேயே இருந்ததால் அவர் கேட் தூணிலேயே ஒரு கம்பி அடித்து மாட்டிவிட்டார், கை எட்டுகிற உயரத்தில். இன்னும் மேலே வைத்திருக்கலாம். அகலமாகக் காட்டுகிற வகை. கேட், வாசப்படி, தெருவில் கொஞ்சம், காலடியில் அந்த நீலச் செடி, எல்லாம் தெரியும். சத்தமும் கேட்கும்.

திருடனைப் பார்க்கத்தான் வைத்தது. திருடன் வரவில்லை. நான்தான் தினமும் வந்தேன்.

நான் எழுந்திருக்கும் நேரத்தில் அங்கே நன்றாக விடிந்திருக்கும். செல்வி கோலம் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வாள். பால்காரர் பாக்கெட்டைக் கேட்டில் தொங்கவிட்டுப் போவார். அப்புறம் குல்லா சார் வருவார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், வெயில் காலத்திலும் காதை மூடுகிற குல்லா போட்டுக்கொண்டு நடப்பார், அதனால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். கையில் வளைந்த கம்பு, மஞ்சள் பை. தெருவில் யார் வீட்டுச் சுவருக்கு மேலே பூ எட்டிப் பார்த்தாலும் அவர் பைக்குள் போய்விடும். செம்பருத்தி, நந்தியாவட்டை, கடைசியாக எங்கள் நீலப் பூ. ஒட்டுகிற அடிப்பாகத்தைச் செடியிலேயே விட்டுவிட்டுப் பூவை மட்டும் பதமாக உருவி எடுப்பார். செல்வியிடம் சொன்னால், "சாமிக்குத்தானே, போகட்டும் விடுங்க" என்பாள். கடைசியாகப் பவித்ரா பையை மாட்டிக்கொண்டு வருவாள், கேட்டைத் திறப்பாள், சாத்துவாள், போவாள். அதற்குள் இங்கே வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். போனில் எனக்குப் பேச்சு வராது. சாப்பிட்டியா, பஸ் கிடைத்ததா, இரண்டும் கேட்டு முடித்தால் மேலே என்ன கேட்பது என்று தெரியாது. பவித்ரா சின்னவளாக இருந்தபோது என் பேச்சில் கலந்துவிட்ட அரபு வார்த்தைகளைப் பிடித்துக் கிண்டல் பண்ணுவாள். வேலை முடிந்தது என்று சொல்ல நான் கலாஸ் என்பேன். "கலாஸ் அப்பா பேசறாரு" என்று அம்மாவிடம் போனைக் கொடுப்பாள். வளர்ந்த பிறகு அந்தக் கிண்டலும் நின்றுவிட்டது. அப்படி இருக்கிறபோது கேமரா எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. பேச விஷயம் கிடைத்தது.

"நேத்து லேட்டா வந்தியே, பஸ்ஸை விட்டுட்டியா?"

"ம்."

"புதுச் செருப்பா அது?"

"ஆமாப்பா."

"பச்சைச் சுடிதார்ல ஒரு பொண்ணு கேட்டுக்கிட்ட நின்னு பேசிட்டிருந்துச்சே, யாரும்மா?"

"ஃப்ரெண்டு."

"அப்புறம், வேற என்ன?"

"அதான் பாத்துட்டீங்களேப்பா. நான் என்ன சொல்றது."

அதை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பரீட்சைக் களைப்பு என்று நினைத்தேன்.

4

வாசல் மறைந்த அன்றே செல்வியிடம் சொன்னேன். செடி கேமராவுக்கு முன்னால் வந்துவிட்டது, கொஞ்சம் வெட்டிவிடு என்று. ஐப்பசியில் நல்ல மழை பெய்திருந்தது, செடி கிளம்பிவிட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். சரிங்க என்றாள்.

மறுநாளும் இலைதான். அடுத்த வாரம் மறுபடி நினைவுபடுத்தினேன். ஆளைச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை என்றாள். அப்புறம் மழை என்றாள். அப்புறம் தை மாதம் எப்படியும் வெட்டுவதுதானே, அப்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். செல்வி எதையும் தள்ளிப் போடுகிறவள் இல்லை. ஐந்தாவது தடவை கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என் வீட்டுச் செடியை வெட்டச் சொல்ல எனக்கே கூச்சம்.

ஆனாலும் தினமும் திறந்து பார்ப்பதை விடவில்லை. இலைக்குப் பின்னால் சத்தம் மட்டும் கேட்டது. விளக்குமாறு, கேட் கொண்டி, பால்காரர் சைக்கிள். பவித்ராவின் செருப்புச் சத்தம் கேட்கும், கேட் அருகில் வந்து கொஞ்சம் நிற்கும், பிறகு போகும். முன்பெல்லாம் அவள் அங்கே நின்றதே இல்லை. ஒருநாள் ஏதோ பாட்டை மெதுவாக முணுமுணுத்தாள். அவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது.

வேலையிடத்தில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. பக்கத்துக் கட்டில் மலையாளி, "பழனியாண்டி பாய், என்ன பிரச்சினை?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். செடி வளர்ந்துவிட்டது என்று ஒரு தோட்டக்காரன் வருத்தப்படுவதை எப்படிச் சொல்வது.

5

மார்கழி பிறந்தது. காலையில் கேமராவைத் திறந்தால் தூரத்துக் கோயில் மைக்கில் பாட்டுக் கேட்டது. ஒருநாள் அந்தப் பாட்டோடு இலைகளுக்கு நடுவே ஒரு கம்பு நுழைந்தது. பிறகு ஒரு கை. குல்லா சார்.

போன் திரையில் மைக் படம் ஒன்று உண்டு. அதை அழுத்திப் பேசினால் அங்கே கேமராவில் கேட்கும். நான் அதை ஒருநாளும் தொட்டதில்லை. எதிரே நிற்கிறவரிடமே பேச வராத எனக்குத் தூணிலிருந்து எப்படிப் பேச வரும். ஆனால் அன்றைக்கு அந்தக் கை அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. கிளையைக் கொஞ்சம் ஒதுக்கிவிடச் சொன்னால் போதும் என்று தோன்றியது. தொண்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் விரல் பட்டுவிட்டது. முதலில் போனது என் இருமல்தான்.

கை அப்படியே நின்றது. கம்பு கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"யாருய்யா அது? செடிக்குள்ள யாரு?"

"ஐயா, பயப்படாதீங்க. நான்தான், இந்த வீட்டுக்காரன். மஸ்கட்லேருந்து பேசறேன்."

பிறகு இலைகளை விலக்கிக்கொண்டு, குல்லாவும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு முகம் திரை முழுக்க வந்தது.

"நாலு பூ பறிச்சதுக்கு மஸ்கட்லேருந்து கேக்கறீங்களா தம்பி?"

"ஐயோ, அதில்லைங்க. தாராளமா பறிச்சுக்குங்க. அந்தக் கிளை கேமராவ மறைக்குது. கொஞ்சம் ஒதுக்கி விட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"அவ்வளவுதானே. இந்த வீட்டுல ஆம்பளைக் குரலே கேட்டதில்லையா, அதான் ஒரு நிமிஷம் ஆடிப் போயிட்டேன்."

இலைகள் குலுங்கின. முகம் மறைந்து கை வந்தது, கை மறைந்து முகம் வந்தது. இழுத்துப் பார்த்தார். கிளை நகரவில்லை.

"தம்பி, இது தானா வளந்து வந்தது இல்லை. கட்டி விட்டிருக்கு."

"எதுங்க?"

"இந்தக் கிளைதான். வாழைநார் போட்டு, கேமரா கம்பியோட சேத்து நாலஞ்சு இடத்துல முடிச்சு. நல்லா நறுவிசா கட்டியிருக்காங்க, ஒரு இலை கசங்கல. நார்தானே, அறுத்து விட்டுடவா?"

இந்தச் செடி தானாக ஏறாது என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடமாக அதைக் கட்டிவிடுவதுதான் என் வேலை. அந்தக் கிளை எப்படி அவ்வளவு உயரத்தில் வந்து நின்றது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் நாரில் பூக் கட்டத் தெரிந்தவள் பவித்ரா ஒருத்திதான். செல்வி தையல்காரி, பூவை ஊசியில் கோத்துவிடுவாள்.

இங்கே வில்லாவில் குடிவருகிறவர்கள் முதலில் கேட்பதே, வேலியில் சீக்கிரம் உயருகிற செடியாக வையுங்கள், எதிர்வீட்டுக்காரர் பார்வை எங்கள் வாசலில் படக்கூடாது என்றுதான். நான் வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு இலை அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"தம்பி, இருக்கீங்களா?"

"இருக்கேங்க. அறுக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு ஒண்ணும் தெரியாதே."

"பரவாயில்லைங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேமராவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி பேரு என்ன?"

"ராசேந்திரன்ங்க."

என் பெயரை என் வாயாலேயே சொல்லி நாளாகியிருந்தது.

"சரி ராசேந்திரன். நாளைக்கு நான் வர்றப்ப இருமாதீங்க, நெஞ்சு தாங்காது" என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு போனார். இலைகள் பழையபடி மூடிக்கொண்டன.

6

அன்று சாயங்காலம் செல்வி கடையிலிருந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். நார் விஷயத்தைச் சொன்னேன். அவள் மறைக்கவில்லை.

"பாப்பாதான் கட்டுச்சு. நான் வேணாம்னு சொல்லல."

"ஏன்?"

"உங்கள எதுத்துக்கிட்டு இல்லைங்க. வாசல்ல ஒரு நிமிஷம் சும்மா நிக்க முடியலங்குது. தலைய சொறிஞ்சாக்கூட சாயங்காலம் அப்பா ஏன்னு கேப்பாரோன்னு இருக்காம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்ப சொல்றது? சாப்டியாங்கறீங்க. அப்புறம் கேமராவுல பாத்தத ஒண்ணொண்ணாக் கேக்கறீங்க. வச்சுடறீங்க."

பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. நான் சொல்லல" என்றாள்.

அவர்களோடு பேசுவதற்காகத்தான் நான் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னால் நான் அவர்கள் கூடவே இருப்பது தெரியும் என்று நினைத்தேன். தெரியத்தான் செய்தது.

சில நாள் போன் பண்ணவில்லை. என்ன பேசுவது என்று உண்மையாகவே தெரியவில்லை. என் வீட்டில் நடப்பதைக் கேட்கக்கூடாது என்றால், எனக்கு நடப்பதைத்தான் சொல்லவேண்டும். இங்கே எனக்கு என்ன நடக்கிறது? வண்டி வரும், போவேன், வருவேன்.

அந்தச் சமயத்தில் கார்டு புதுப்பிக்கிற ஆபீசுக்குப் போகவேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் பவித்ராவைக் கூப்பிட்டேன். சாப்பிட்டியா என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, "இன்னிக்கு ஆபீஸ்ல என் விரலை மெஷினுக்குத் தெரியலம்மா" என்றேன்.

"என்னப்பா?"

கைரேகை வைக்கிற மெஷின், என் விரலை எடுத்துக்கொள்ளவே இல்லை என்று சொன்னேன். மண்ணிலும் உரத்திலும் கிடந்து ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் விரலைத் துடைக்கச் சொன்னாள். துடைத்தேன். கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவினேன். வேறு விரல் வை என்றாள். ஒவ்வொரு விரலாக வைத்தேன், ஒவ்வொன்றுக்கும் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"அப்புறம்?" என்றாள் பவித்ரா.

என் மகள் என்னிடம் அப்புறம் என்று கேட்டு எனக்கு நினைவில்லை. நான்தான் எப்போதும் அதைக் கேட்கிறவன்.

அப்புறம் அந்தப் பெண் தன் கைப்பையிலிருந்து ஒரு கிரீமை எடுத்து என் கட்டைவிரலில் வைத்துத் தேய்க்கச் சொன்னாள். மல்லிகை வாசனை அடிக்கிற கிரீம். மெஷின் பச்சை காட்டியது. நான் வண்டியில் ஏறியதும் எல்லாரும் மூக்கை உறிஞ்சினார்கள். பழனியாண்டி பாய் எங்கே போய்விட்டு வருகிறார் என்று ஒரே கேலி.

பவித்ரா சிரித்தாள். பஸ்ஸில் அந்த அம்மா பூவோடு இறங்கிப் போனபோது சிரித்த அதே சிரிப்பு. பிறகு கேட்டாள்: "தாத்தா பேரையா உங்கள கூப்பிடறாங்க? நீங்க சொன்னதே இல்லையேப்பா."

சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைத்ததில்லை.

7

தை வந்தது. செடியை வெட்டவேண்டும் என்று பவித்ராவே கூப்பிட்டுக் கேட்டாள், எவ்வளவு உயரத்தில் வெட்டுவது என்று. முழங்கால் அளவு, கையில் துணி சுற்றிக்கொள், காய்ந்த கிளையை அடியோடு எடுத்துவிடு என்றேன்.

"எல்லாத்தையுமாப்பா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "கேமரா பக்கத்துல இருக்கறதையுமா?"

அதைப் பற்றி நாங்கள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. செல்வி அவளிடம் சொல்லியிருப்பாளா என்றும் எனக்குத் தெரியாது.

"அத விட்டுடும்மா. மத்ததெல்லாம் வெட்டு. அந்தக் கிளையில மட்டும் நாரை அவுத்துட்டுக் கொஞ்சம் தளத்திக் கட்டு. கிளை பெருக்கும், பழைய கட்டு இறுகிப் பட்டையை அறுத்துடும். எட்டுப் போடற மாதிரி ஒரு சுத்து சுத்திக் கட்டினா காத்துக்கு ஆடும், அறுக்காது."

போனில், தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்டது.

"சரிப்பா" என்றாள்.

அடுத்த நாள் காலை கேமராவைத் திறந்தேன். இலை கொஞ்சம் தள்ளி ஆடியது, புதுக் கட்டு. அதே இலை, அதே பூ. மூடிவிட்டேன். இப்போதெல்லாம் காலையில் திறப்பதில்லை. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாமல் தங்குமிடத்து வாசலில் வந்து நிற்கிறேன். வண்டி வரும்வரை ஒன்றும் செய்யாமல் நிற்கிறேன்.

நேற்று அப்படி நின்றபோது போனில் ஒரு படம் வந்தது. பவித்ரா அனுப்பியது. ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அவள் காது, காதில் ஒட்டிய ஒரு நீலப் பூ, காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்ட கொஞ்சம் முடி. முகம் அதில் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், கன்னத்தின் ஓரம் தெரிந்தது, அதற்கு மேல் எதுவும் இல்லை. இது எனக்குப் போதும் என்று எழுத ஆசைதான். போதவில்லை. ஆனால் இது நான் பார்த்தது இல்லை, அவள் காட்டியது.

எனக்குப் போனில் எழுத நேரமாகும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, கம்மல் ரொம்ப நல்லா இருக்கும்மா என்று எழுதி அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் வரவில்லை. வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். பழனியாண்டி என்று யாரோ உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். போய் ஏறிக்கொண்டேன்.